சுவருக்குப் பின்னால் காற்று

2012 மே மாதம் அப்பாவும் அம்மாவும் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இரணியலில் பாசஞ்சர் ஏறி, கழக்கூட்டத்தில் வந்து இறங்கினார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஏழு. அம்மாவின் கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே மரச்சீனிக்கிழங்கு, நெத்திலிக் கருவாடு, தூக்குவாளியில் மீன் புளிமுளம். ரயில் பெட்டி முழுக்க மணத்திருக்கும்.

"கழக்கூட்டத்துல மீன் கிடைக்காதாம்மா?" என்றேன்.

"கிடைக்கும். அது எவன் பிடிச்சதோ" என்றாள்.

டெக்னோபார்க்கில் எனக்கு அப்போது மூன்றாவது வருட வேலை. 1990-இல் அந்த மென்பொருள் பூங்கா தொடங்கிய பிறகு கழக்கூட்டம் ஊரே மாறிப்போயிற்று என்று வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தென்னந்தோப்புகளாக இருந்த இடமெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட எழுந்த மாடி வீடுகள். என்னுடையது ரயில் பாதைக்குப் பக்கத்தில், மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி அந்தச் சூட்டை எங்கள் மேல் இறக்கும். வெயில் என்று சொன்னால் போதாது, புழுக்கம். மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. பிள்ளைகள் தூங்காமல் புரண்டார்கள். அப்பா பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழக்கூட்டத்துக்கு மேற்கே நாலைந்து கிலோமீட்டரில் கடல். தும்பை அங்கேதான். 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அந்த மீனவக் கரையிலிருந்து. அங்கிருந்த மாதா கோயிலையும் ஊரையும் விண்வெளிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து அந்த மக்கள் இடம் மாறினார்கள். அதற்கு வடக்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் கரை. அப்பா பஸ் பிடித்து அங்கே போய், கரையில் கிடந்த வள்ளங்களையும் அவர்கள் வலை கட்டும் விதத்தையும் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வந்தார். பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டார்கள். "பாட்டா, நாளைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க. குளிக்கணும்."

"கடல் கள்ளமா கெடக்கு" என்றார் அப்பா. "மே மாசம் இந்தக் கடல்ல காலு வைக்கப்படாது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் கடலைப் பற்றி அப்பா சொன்னால் அது முடிந்த பேச்சு.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரையிலும் எங்கள் குமரிக் கரையிலும் மீன்பிடிப்பவர்கள் வாயில் உள்ள சொல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டும் சத்தமில்லாமல் எழும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கும். திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். 2005 மே மாதம் அப்படித்தான் தென்கேரளக் கரை நெடுக ஏறியது. அதை ஆராய்ந்தவர்கள் மீனவர்களின் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அப்பா கழக்கூட்டம் வந்த அதே 2012-இல் யுனெஸ்கோ அதை அறிவியல் சொல்லாக ஏற்றது. அப்பாவுக்கு அது தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் வெம்பாயம் பக்கம் உள்ள ஹேப்பிலாண்டுக்கு ஒரு தடவை போய்வந்து, அலைக்குளத்தைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். காரணம் வேறு. கடற்கரையில் பிறந்த எனக்கு அலையில் நிற்கத் தெரியாது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் கடலில் இறங்குவதில்லை. குளச்சலுக்குப் பக்கத்தில், வீட்டு நடையில் உட்கார்ந்தால் தெறிக்கும் தூரத்தில் கடல். அண்ணன்மார் நடக்கத் தொடங்கியதுமே அலையில் கிடப்பார்கள். நாங்கள் கரைமடி இழுக்கும்போது கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் நிற்போம், மீன் பிரிப்போம், வெயிலில் கருவாடு திருப்பிப் போடுவோம். கணுக்காலுக்கு மேல் நனைந்தால் யாராவது ஒரு பெரியம்மா கத்துவாள். அம்மா முப்பது வருடம் தலையில் மீன் கடவம் சுமந்து இரணியல், திங்கள்சந்தை என்று விற்றவள். அந்த மீன் வந்த தண்ணீரில் அவள் ஒரு நாளும் முங்கிக் குளித்ததில்லை.

"காசு குடுத்துக் குளிக்கணுமா?" என்று அப்பா கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அலை வரும் குளம் என்றேன். "குளத்துல எப்பிடி அலை வரும்?" வாங்க பாக்கலாம் என்றேன். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜீப் பேசிக்கொண்டு கிளம்பினோம். கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே போகும் சாலை. சந்தவிளை, காட்டாயிக்கோணம், போத்தன்கோடு. மணல் தீர்ந்து செம்மண் தொடங்கியது. தென்னை குறைந்து ரப்பர் மரங்கள் வந்தன. போத்தன்கோட்டில் சாந்திகிரி ஆசிரமத்தின் வெள்ளைத் தாமரைக் கட்டடத்தைப் பார்த்துப் பெரியவள் "அதுதானா அத்தை?" என்றாள். ஏற்றமும் இறக்கமுமாக வண்டி போய்க்கொண்டிருந்தது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, "மலைமேல ஏறிப் போயி அலையில குளிக்கப் போறோம்" என்று ஓட்டுநரிடம் இரண்டு தடவை சொன்னார்.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ரப்பர் தோட்டத்து நிழலில் வண்டியை நிறுத்தி, காலை பத்து மணிக்கே கிழங்கும் புளிமுளமும் சாப்பிட்டோம். ஓட்டுநருக்கும் அம்மா இலையில் வைத்துக் கொடுத்தாள்.

வாசலுக்கு அப்பால் ஒரு தடை காத்திருந்தது. அலைக்குளத்தில் நைலான் துணி உடுத்தவர்கள்தான் இறங்கலாம். பருத்தி நூல் பிரிந்து போய் வடிகட்டியை அடைக்கும்; தளர்ந்த துணி காலைச் சுற்றும். கைலியோ சேலையோ கூடாது. எல்லா அலைக்குளத்திலும் உள்ள விதிதான், நியாயமானதும்கூட. நானும் பிள்ளைகளும் அதற்குத் தக்க உடுப்போடு போயிருந்தோம். அப்பாவுக்கு ஒரு கால்சட்டையும் பனியனும் வாடகைக்கு எடுத்தேன். அறுபது வயது வரை கைலிக்கு மேல் எதையும் உடுத்தாத மனிதர், நீலத்தில் மஞ்சள் பட்டை போட்ட கால்சட்டையோடு உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தார். முழங்காலுக்குக் கீழே கருங்கல் நிறம்; கைலி மறைத்துவந்த தொடை வேறு யாரோ ஒருவருடையது போல வெளுத்திருந்தது. வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த பழைய தழும்பு. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சின்னவன் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா சேலையை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை கேட்டேன். "நான் பை பாத்துக்கிடுகேன், நீங்க போங்க." கரையோரம் பாதாம் மரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் எல்லாருடைய துணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

குளம் நான் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு பக்கம் கரை மாதிரி சரிவாகத் தொடங்கி, போகப் போக ஆழம் கூடி, கடைசியில் உயரமான சுவரில் போய் முட்டுகிறது. தரைக்கு நீலச் சாயம். சுவரின் அடியில் வரிசையாகக் கம்பி வலை அடித்த பெரிய துவாரங்கள். அதற்கு இப்பால் மிதவை கட்டிய கயிறு, அதைத் தாண்டக்கூடாது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நூறு பேருக்கு மேல் இடுப்பளவில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கை நிறையத் தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "பிளீச்சிங் பவுடர்" என்றார்.

அப்போது மணி அடித்தது. மணி என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறோம். உண்மையில் அது ஆலைச் சங்கு மாதிரி நீளமாக ஊதிய ஒலி. கூட்டம் ஓவென்று கத்தியது. சுவருக்குப் பின்னால் ஏதோ உறுமத் தொடங்கியது. தண்ணீர் முதலில் வீங்கியது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. மறுபடி வீங்கி, ஒரு வரப்பு போல எழும்பி எங்களை நோக்கி வந்தது. எனக்கு உடம்பு கல்லாகிவிட்டது. திரும்பி ஓடப் பார்த்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"முதுகைக் காட்டாத. சரிஞ்சு நில்லு. காலை அகட்டு. முட்டை மடக்கு. தோளை அதுக்குக் குடு, நெஞ்சைக் குடுக்காத."

அலை என் தோளில் மோதி இரண்டாகப் பிரிந்து போனது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

இருபத்தாறு வயதில் முதன்முதலாக ஓர் அலையில் நின்றேன். அடுத்ததற்கும் நின்றேன். ஐந்தாவது அலைக்கு, வரும்போதே சின்னதாகக் குதித்து அதன் முதுகில் ஏறி இறங்க வந்துவிட்டது. அப்பா அண்ணனுக்கு நாலு வயதில் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு ஒரு மலைமேல் கிடைத்தது. தண்ணீர் என்னைத் தூக்கும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. இதையா இத்தனை வருடமும் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தொண்டை அடைத்தது. பெரியவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீறிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்: முதுகைக் காட்டாதே, தோளைக் கொடு.

அப்பா விளையாடவில்லை. அவர் அலையைப் படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். கடலில் வள்ளம் இறக்குவதற்கு முன்னால் கரையில் நின்று இப்படித்தான் எண்ணுவார். பெரிய அலைகள் கூட்டமாக வரும். பிறகு கொஞ்ச நேரம் அடங்கும். அந்த அடக்கத்தில் தள்ளிவிட வேண்டும். பிசகினால் வள்ளம் கவிழும். இங்கே அவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. "மூணு எண்ணுகதுக்குள்ள அடுத்தது வந்துருது. எல்லாம் ஒரே அளவு, கேட்டியா. ஒண்ணு கூட மூத்தது இல்ல." பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "மண்ணு கரையல."

அது எனக்கு உடனே விளங்கியது. கடலில் அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். கணுக்கால் வரை மட்டுமே நனைந்த எனக்கும் அது தெரியும். உள்ளங்காலுக்குக் கீழே பூமி நகர்வது மாதிரி ஓர் உணர்வு, கொஞ்சம் கிறுகிறுக்கும். இங்கே சிமெண்டுத் தரை. கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். அலை வருகிறது, போகிறது, கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அறுபது வருடமாகக் காலடி மண் கரைந்துகொண்டே இருந்த ஒரு மனிதர், கரையாத தரையில் நின்று அதைச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் உறுமல் நின்றது. குளம் தளும்பித் தளும்பி அடங்கியது. கொஞ்ச நேரம் ஓய்வு, பிறகு மறுபடி வரும் என்றார்கள். அப்பா நேராகப் பக்கவாட்டில் ஏறி, விசில் வைத்துக்கொண்டு நின்ற இளைஞரிடம் போனார். அந்தத் தம்பி கொல்லத்துப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அப்பாவின் தமிழும் அவருடைய மலையாளமும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் பேசின.

"உள்ள என்ன இருக்கு? துடுப்பா?"

"இல்ல மாமா. காற்று."

சுவருக்குப் பின்னால் அறை அறையாகக் கட்டியிருக்கிறார்கள். அறைகளின் அடிப்பகுதி குளத்தோடு திறந்து கிடக்கிறது, தண்ணீர் உள்ளேயும் அதே மட்டத்தில் நிற்கும். மேலே பெரிய ஊதுவிசிறி. அது காற்றை அறைக்குள் அடித்தால் தண்ணீர் அழுந்திக் கம்பி வலை வழியாக வெளியே தள்ளப்படுகிறது. காற்றை விட்டால் தண்ணீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. அழுத்தி விட, அழுத்தி விட, குளத்தில் அலை. எல்லா அறையிலும் ஒன்றாக ஊதினால் நேர் அலை. மாற்றி மாற்றி ஊதினால் குறுக்கும் நெடுக்குமாக அலைகள் வெட்டிக்கொள்ளும்.

அப்பா வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடலும் அதுதானே" என்றார் கடைசியில். "காத்துதான் அலை. இங்க சுவரு இருக்கு, அங்க சுவரு இல்ல. கள்ளக்கடல்ல மட்டும் காத்தைக் காணமாட்டோம். அது எங்கயோ பின்னால நின்னு ஊதுது."

பல வருடம் கழித்துக் கள்ளக்கடலைப் பற்றி வாசித்தபோது இந்த வாக்கியம் எனக்குத் திரும்ப வந்தது. அந்த அலைகள் பிறப்பது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே, அண்டார்டிகாவை நோக்கிய புயல் வெளியில். அங்கே அடித்த காற்று உண்டாக்கிய நெட்டலைகள் நாள்கணக்கில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து நம் கரையில் ஏறுகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 15 விநாடி, அதற்கு மேலும் இருக்கும். அப்பா மூன்று எண்ணியதற்குக் கடலில் பதினைந்து எண்ண வேண்டும். அந்த இடைவெளியில்தான் கடல் அடங்கிவிட்டது என்று நம்பி ஆள் இறங்குகிறார்கள்.

மறுபடி மணி அடித்தது. அப்பா அசையவில்லை. விசில் தம்பியிடம் கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் அடிப்பீங்களா?"

"அடிச்ச பிறகுதான் அலை விடுவோம் மாமா. குட்டிகள் நிற்கிறதல்லவா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நல்ல காரியம்" என்றார். "அடிச்ச பெறகுதான்."

அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள்; கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் போனார்கள், அதில் பாதிக்கு மேல் குளச்சலைச் சுற்றி. கடல் ஏறியபோது ஓடியவர்களில் பலர் ஊருக்குப் பின்னால் கிடக்கும் ஏ.வி.எம். கால்வாயைத் தாண்ட முடியாமல் அதிலேயே போனார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தக் கால்வாயில்தான் கிடைத்தாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாதே. அப்பா அதைப் பற்றி அதுவரை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. "அடிச்ச பெறகுதான்" என்ற அந்த இரண்டு சொல்லோடு சரி.

பிறகு அவர் குளத்தில் இறங்கினார். இந்தத் தடவை எண்ணவில்லை. ஆழம் கூடிய பக்கம், மிதவைக் கயிறு வரைக்கும் நீந்திப் போய், மல்லாந்து கிடந்தார். கையை விரித்து, கண்ணை மூடி. அலை வந்தபோது அவர் உடம்பு மேலே போய்க் கீழே இறங்கியது, கரைக்கு நகரவில்லை. அலை போகிறது, தண்ணீர் இருந்த இடத்தில்தான் ஏறி இறங்குகிறது. நங்கூரம் இல்லாத வள்ளம்கூட ஆழத்தில் அப்படித்தான் ஆடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்னவன் அவர் வயிற்றில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள். அப்பா ஏதோ சத்தம் எழுப்பினார். முதலில் எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. வள்ளத்து இயந்திரம் மாதிரி வாயால் ஒலி எழுப்பி, பேரனை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார். பதினைந்து வயதில் கட்டுமரம் ஏறியவர் அவர். தண்ணீரில் விளையாடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அலைக்குளத்தைப் பற்றிப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடபாயில் என்ற ஊரின் குளியல் பூங்காவில் 1912-இல் வைத்த அலை இயந்திரம் இன்றும் ஓடுகிறது. புடாபெஸ்டின் கெல்லர்ட் குளியலகத்தில் 1927-இல் ஒன்று வந்தது. ராடபாயிலிலிருந்தும் புடாபெஸ்டிலிருந்தும் கடல் வெகு தூரம். கடல் எட்டாதவர்கள் ஆசைப்பட்டுக் கட்டியவை அவை. நம் பக்கம் 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டியது. 2000-இல் கொச்சிக்குப் பக்கத்தில் வீகாலேண்ட், பின்னாளில் அதுதான் வொண்டர்லா. சென்னைக்கும் கொச்சிக்கும் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் கூட்டம் குளத்துக்கு வந்தது. ஏன் என்று கேட்பவர்கள் எங்கள் கரையில் ஒரு மே மாதம் இருந்து பார்க்க வேண்டும். பயமில்லாமல் அலையில் நிற்பது கடற்கரைக்காரர்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தேவைப்படுகிறது. பெண்களுக்கு இன்னும் அதிகம்.

நாலு மணிக்கு வெளியே வந்தோம். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. அம்மா ஒவ்வொருவர் தலையாகத் துவட்டினாள். அவளுடைய சேலை முந்தி நனைந்திருந்தது. "வேலிக்கிட்ட வந்து நின்னேன், தெறிச்சிட்டு" என்றாள். ஜீப்பில் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். போத்தன்கோடு தாண்டும்போது அம்மா என் காதருகே மெதுவாகக் கேட்டாள்: "அலை மேல வரும்போ எப்பிடி மோளே இருந்து?"

சொல்லப் பார்த்தேன். வயிற்றுக்குள் குளிர்கிறது, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போகிறது, பிறகு மறுபடி தரை வருகிறது என்றேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுனாமிக்குப் பிறகு 2007-இல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். இப்போது கள்ளக்கடலுக்கும் அவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள். தெற்கே எங்கேயோ காற்று எழும்பும்போதே கணக்குப் போட்டு, எந்தக் கரையில் எந்த நேரம் ஏறும் என்று அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பு என் கைபேசிக்கு வந்ததும் நான் அப்பாவுக்குப் போன் செய்வேன். அவர் எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "மணி அடிச்சாச்சா மக்களே?"

2024 மே முதல் வாரமும் அப்படித்தான். அறிவிப்பு வந்தது, கூப்பிட்டேன். வள்ளத்தை ஏற்கெனவே மேலே தென்னை மூடு வரை இழுத்துப் போட்டாயிற்று, கரையில் பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டியாயிற்று என்றார். மே 6 காலையில், எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் கால் நனைக்க இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போய்விட்டார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள். அன்று ராத்திரி அப்பாவே கூப்பிட்டார். "மணி அடிச்சிருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு அது கேக்கலியே" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் போனைப் பிடித்தபடி இருந்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே கழக்கூட்டத்து மேம்பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

அதிலிருந்து ஊரில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் படிப்பிக்க வேண்டும் என்று அப்பா சொல்லத் தொடங்கியிருக்கிறார். அண்ணன் மகளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். வீட்டு வாசலில் வந்து கேட்பவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது: முதுகைக் காட்டாதே, தோளைக் கொடு.

போன மாதம் அம்மா கூப்பிட்டாள். முழங்கால் வலி, பென்ஷன், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்: "அந்தக் குளம் இப்பவும் இருக்கா?"

இருக்கு என்றேன்.

"அந்த மாதிரித் துணியில சுடிதார் கிடைக்குமா, வயசானவங்களுக்கு?"

அன்று சாயங்காலமே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கருநீலத்தில், தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும் துணி ஒன்று கிடைத்தது. கடையில் நின்றபடியே கூப்பிட்டு அளவு கேட்டேன். அப்பாவைக் கூப்பிட்டு நூல் கொண்டு வரச் சொல்லி, தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து சொன்னாள். பிறகு, "கை மட்டும் முழுக்கையா இருக்கட்டும்" என்றாள்.